தொலைதூர டீலரிடம் பவர் மிஷின் வாங்க: துணி மாதிரி அனுப்புவதிலிருந்து முதல் தையல் வரை

பக்கத்துக் கடையில் பவர் மிஷின், அதாவது மோட்டாரில் ஓடும் தொழிற்சாலைத் தையல் மிஷின் வாங்கினால் துணியைக் கையோடு கொண்டுபோய்த் தைத்துப் பார்க்கலாம், பிடிக்கவில்லை என்றால் எழுந்து வந்துவிடலாம். பல நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் டீலரிடம் வாங்கும்போது அது முடியாது. மிஷின் லாரியில் ஏறிய பிறகு தெரியவரும் குறை எதுவானாலும் போக வர வண்டிக்கூலி நம் தலையில்தான். அதனால் ஒன்றைப் பிடிவாதமாகக் கடைப்பிடியுங்கள்: ஹெட் (ஊசியோடு தைக்கும் மிஷின் பகுதி) பெட்டிக்குள் போவதற்கு முன்பே அது உங்கள் துணியை, உங்கள் நூலில், உங்களுக்குத் தேவையான தையல் நீளத்தில் தைத்துக் காட்டியிருக்க வேண்டும். கீழே சொல்லும் படிகளில் பெரும்பாலானவை இதற்காகத்தான்.

மாடலைப் பார்க்கும் முன் துணியை அளந்துவிடுங்கள்

வீட்டு மிஷின் எல்லாவற்றையும் ஓரளவு தைக்கும். தொழிற்சாலை மிஷின் அப்படிப்பட்டதில்லை, ஒரு வேலைக்காகவே செய்யப்பட்டது. சட்டைத் துணிக்கு அமைத்த சிங்கிள் நீடில் மிஷினில் ரெக்ஸின் பை தைக்கப் போனால் மேல் அடுக்கு நகரும், கீழ் அடுக்கு அங்கேயே நிற்கும். பை தைக்கும் மிஷினில் 'வாயில்' என்ற மெல்லிய துணியைத் தைத்தால், அடியிலிருந்து துணியை நகர்த்தும் பற்களின் தடம் பதியும், துணி சுருங்கும்.

ஒரு தாளில் இவற்றை எழுதுங்கள்: அதிகபட்சத் தடிமன், நூல், தையல் நீளம், தட்டையான பொருளா குழாய் வடிவமா. தடிமனை ஒற்றைத் துணியில் அளக்காதீர்கள். தையல்கள் குறுக்கே சந்திக்கும் இடத்தில் எத்தனை அடுக்கு வருகிறதோ, அத்தனையையும் மடித்து வைத்து, அழுத்திப் பிடித்து, வெர்னியரில் அளவெடுங்கள். மிஷின் திணறுவது எப்போதும் அந்த இடத்தில்தான்.

விளம்பரத்தில் காணும் 'ஃபுட் லிஃப்ட்' (துணியை அழுத்திப் பிடிக்கும் பாதம் உயரும் அளவு) என்பதைத் தைக்கக்கூடிய தடிமன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஜூக்கி கம்பெனியின் சிங்கிள் நீடில் மிஷினான டிடிஎல்-8700 மாடலில் முழங்கால் லிஃப்டரால் ஃபுட் 13 மி.மீ. உயரும். அது துணியை உள்ளே நுழைப்பதற்கான இடைவெளி. அந்த மிஷின் 13 மி.மீ. தடிமனைத் தைக்காது. கனமான வேலைக்கு வரும் ஜூக்கி டிஎன்யூ-1541 வாக்கிங் ஃபுட் (ஃபுட்டும் நடந்து மேல் அடுக்கை நகர்த்தும்) மிஷினில் லிஃப்ட் 16 மி.மீ., தையல் நீளம் 9 மி.மீ. வரை, வேகம் நிமிடத்துக்கு 2,500 தையல். டிடிஎல்-8700 நிமிடத்துக்கு 5,500 வரை போகும். வேகம் குறைந்தது மட்டமான மிஷின் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். வேலை வேறு, அவ்வளவுதான்.

மாடல் எண்ணின் வாலில் வரும் எழுத்தையும் கவனியுங்கள். டிடிஎல்-8700 என்பது மெல்லிய, நடுத்தரத் துணிக்கு. அதோடு 'ஹெச்' சேர்ந்தால் கனமான துணிக்கு. '-7' சேர்ந்தால் நூல் வெட்டும் வசதி உள்ளது. தொலைபேசியில் '8700 இருக்கிறது' என்று சொன்னால் எந்த 8700 என்று கேட்காமல் விடாதீர்கள். ஹெச் வகையில் ஊசித் தட்டின் துளை பெரிது, பற்கள் முரட்டுத்தனமானவை. மெல்லிய துணி அந்தத் துளைக்குள் ஊசியோடு சேர்ந்து இறங்கி, தையல் விட்டுப்போகும்.

ஊசியின் வகை இன்னொரு பொறி. சாதாரண சிங்கிள் நீடில் மிஷின்களில் டிபி எக்ஸ் 1 (DB×1), வாக்கிங் ஃபுட் மிஷின்களில் பெரும்பாலும் 135 எக்ஸ் 17, துணி ஓரம் பின்னும் பல ஓவர்லாக் மிஷின்களில் டிசி எக்ஸ் 27 (DC×27). இவற்றின் நீளமும் தண்டின் பருமனும் வேறுபடும், மாற்றிப் போட முடியாது. நூலுக்கேற்ற ஊசி எண்ணையும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். டெக்ஸ் என்பது நூலின் பருமனைச் சொல்லும் எண்: டெக்ஸ் 70 நூலுக்கு 100 அல்லது 110, டெக்ஸ் 90 நூலுக்கு 125 அல்லது 140, டெக்ஸ் 135 நூலுக்கு 140 அல்லது 160 என்ற அளவில் தொடங்கலாம். டீலர் மிஷினை எந்த ஊசிக்கு செட் செய்து அனுப்புகிறாரோ, அதற்குத்தான் அது உடனே தைக்கும். அடியில் சுழன்று மேல் நூலைப் பிடிக்கும் பாகம்தான் ஹூக்; 90 ஊசிக்கு ஒட்டினாற்போல் வைத்த ஹூக்கில் 140 ஊசியைப் போட்டால் ஹூக் முனை ஊசியில் உரசும்.

டீலருக்கு முன்னால் ஒரு மெக்கானிக்

இந்தப் படியைத்தான் பலரும் தவறவிடுகிறார்கள். உங்கள் ஊருக்கு வந்து போகக்கூடிய மெக்கானிக் ஒருவரைத் தேடிப் பிடித்து, எந்த மாடலுக்கு ஹூக் செட், பற்கள், ஊசித் தட்டு, பாபின் கேஸ் சுலபமாகக் கிடைக்கிறது என்று கேளுங்கள். அவர் பெயர் கேட்டதும் தயங்கும் மாடலை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் விடுவதே நல்லது. சிங்கிள் நீடில் மிஷினை ஓரளவு அனுபவம் உள்ளவரே சரிசெய்துகொள்ளலாம். பட்டன் ஹோல், பார்டேக் (இழுபடும் இடங்களை இறுக்கும் தையல்), பழைய ஓவர்லாக் போன்ற மிஷின்களில் லூப்பர், கத்தி, கேம் எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். பக்கத்தில் மெக்கானிக் இல்லாமல் அவற்றைத் தூரத்திலிருந்து வரவழைக்க வேண்டாம்.

மோட்டாரும் மின்சாரமும்

ஹெட், டேபிள், ஸ்டாண்டு, மோட்டார் நான்கும் தனித்தனிப் பொருள்கள். சொல்லும் விலை எதற்கு என்று முதல் பேச்சிலேயே தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

கிளட்ச் மோட்டார் சுவிட்ச் போட்டதிலிருந்து ஓடிக்கொண்டே இருக்கும், பெடலை மிதித்தால் கிளட்ச் பிடித்து ஹெட்டைச் சுழற்றும். எடை அதிகம், சத்தம் அதிகம், மெதுவாகத் தைக்கக் காலுக்குப் பழக்கம் வேண்டும். சர்வோ மோட்டார் மிதிக்கும்போது மட்டும் ஓடும், அதிகபட்ச வேகத்தைப் பொத்தானில் கட்டுப்படுத்தலாம், எடையும் குறைவு. புதிதாக வாங்குபவருக்கு சர்வோதான் சரி. மோட்டார் ஹெட்டுக்குள்ளேயே இருக்கும் டைரக்ட் டிரைவ் மாடல்களில் ஒரு சங்கடம் இருக்கிறது: கன்ட்ரோல் பாக்ஸ் போர்டு பழுதானால் அதே மாடலின் போர்டுதான் வேண்டும். பெல்ட்டில் ஓடும் சர்வோ பழுதானால் வேறு கம்பெனி மோட்டாரை மாட்டி வேலையைத் தொடரலாம். டீலர் தூரத்தில் இருக்கும்போது இந்த வித்தியாசம் பெரிது.

மின்னழுத்தம் 110 வோல்ட்டா 220 வோல்ட்டா, சிங்கிள் ஃபேஸா த்ரீ ஃபேஸா என்பதை மோட்டாரின் தகட்டைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி உறுதி செய்யுங்கள், வாய்மொழி போதாது. மிஷின் வேகத்தை நீங்களே கணக்குப் போடலாம்: மோட்டாரின் சுற்றை மோட்டார் புல்லியின் விட்டத்தால் பெருக்கி, ஹேண்ட் வீல் புல்லியின் விட்டத்தால் வகுக்க வேண்டும். 2,850 சுற்று ஓடும் மோட்டாரில் 90 மி.மீ. புல்லி, ஹேண்ட் வீலில் 70 மி.மீ. என்றால் நிமிடத்துக்குச் சுமார் 3,660 தையல். மோட்டார் புல்லியை 45 மி.மீ. ஆக்கினால் சுமார் 1,830. தோல், ரெக்ஸின் தைப்பவர்கள் சின்னப் புல்லி போட்டு அனுப்பச் சொல்லுங்கள். வேகம் குறைவதோடு, ஊசி கனத்தைத் துளைக்கும் பலமும் கூடும். புல்லி மாறினால் பெல்ட்டின் நீளமும் மாறும், இரண்டையும் சேர்த்தே கேளுங்கள்.

துணி மாதிரியை அனுப்புங்கள்

விலை பேசி முடித்ததும், பணம் கட்டும் முன், ஒரு சிறிய பார்சல் அனுப்புங்கள். உங்கள் துணியில் ஒரு மீட்டர், அதிகபட்ச அடுக்குகளை மடித்துப் பின் குத்திய துண்டுகள் நான்கைந்து, நூல்கண்டு ஒன்று, உங்கள் ஊசி ஒரு பாக்கெட். கூடவே எழுத்தில்: தையல் நீளம் இவ்வளவு, மேல் நூல் இது, பாபின் நூல் இது. தைத்த துண்டுகளைப் படமெடுத்து அனுப்புவதோடு மிஷினுடன் சேர்த்து வைக்கவும் சொல்லுங்கள். இங்கே வந்தபின் தையல் மாறினால் குறை மிஷினிலா நாம் மாட்டியதிலா என்று பார்க்க அந்தத் துண்டுதான் அளவுகோல்.

நல்ல டீலர் இதைக் கேட்டால் சந்தோஷப்படுவார். அவருக்கும் திரும்பி வரும் மிஷின் நஷ்டம்தானே. 'எல்லாத் துணியும் தைக்கும் சார், கவலை வேண்டாம்' என்று தட்டிக் கழிப்பவரிடம் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

வீடியோ அழைப்பில் என்ன பார்ப்பது

அவர்கள் எடுத்து அனுப்பும் வீடியோ போதாது. நேரலை அழைப்பில் நீங்கள் சொல்லச் சொல்ல அவர்கள் செய்ய வேண்டும். புது மிஷினுக்கு ஐந்து நிமிடம் போதும். பழையது அல்லது ரீகண்டிஷன் மிஷின் என்றால் அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

முதலில் சீரியல் எண் தகடு. அதைத் திரையில் படித்து எழுதிக்கொள்ளுங்கள், பில்லிலும் பெட்டியிலும் இதே எண் வர வேண்டும். பிறகு ஊசித் தட்டைக் கழற்றச் சொல்லுங்கள். பற்கள் முக்கோணமாக, கூராகத் தெரிய வேண்டும், மழுங்கி வட்டமாக இருந்தால் துணி வழுக்கும். ஊசித் தட்டின் துளையைச் சுற்றி ஊசி குத்திய கீறல்கள் இருந்தால் நூல் அறுந்துகொண்டே இருக்கும். அடுத்து ஹூக். பாபின் கேஸை எடுத்துவிட்டு, டார்ச் அடித்து, ஹூக் முனையைக் கிட்டத்தில் காட்டச் சொல்லுங்கள். முனை கூராக, பளபளப்பாக இருக்க வேண்டும். வட்டமாகத் தேய்ந்திருந்தாலோ, அரம் வைத்துத் தீட்டிய தடம் தெரிந்தாலோ புது ஹூக் போட்டுத் தரக் கேளுங்கள், இல்லாவிட்டால் அந்த விலையைக் குறைக்கச் சொல்லுங்கள்.

அடுத்து ஆட்டம். ஊசியைத் தாங்கும் நீடில் பாரைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தால் கண்ணுக்குத் தெரியும்படி ஆடக்கூடாது. ஹேண்ட் வீலை இழுத்துத் தள்ளினால் 'டக்' என்று நகரக்கூடாது. பெல்ட்டைக் கழற்றிவிட்டுக் கையால் சுற்றினால் ஒரு முழுச் சுற்றும் ஒரே சீராகப் போக வேண்டும், ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் பிடித்தால் உள்ளே ஏதோ வளைந்திருக்கிறது.

ஆயில் பேனை (ஹெட்டுக்கு அடியில் ஆயில் தேங்கும் தட்டு) காட்டச் சொல்ல மறக்க வேண்டாம். பெயின்டை ஒரே நாளில் புதிதாக்கிவிடலாம். அடியில் தேங்கிய ஆயில் அவ்வளவு சீக்கிரம் பொய் சொல்லாது. அதில் வெள்ளித்தூள் போல மினுமினுப்பு இருந்தால் உலோகம் தேய்ந்துகொண்டிருக்கிறது. ஆயில் புதிதாக மாற்றியிருந்தால், பேனின் மூலைகளை வெள்ளைத் துணியால் துடைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

கடைசியாகத் தையல். மேலே ஒரு நிறம், பாபினில் வேறு நிறம். இரண்டு நூலும் துணியின் நடுவில் பின்னிக்கொள்ள வேண்டும், மேலே பாபின் நிறமோ கீழே மேல்நூல் நிறமோ எட்டிப் பார்க்கக் கூடாது. 3 மி.மீ. வைத்துத் தைத்து, பத்துத் தையலை அளந்தால் 30 மி.மீ. வர வேண்டும். ரிவர்ஸில் வரும்போது ஊசி முன்பு குத்திய துளைகளிலேயே இறங்கினால் தையல் நீள அமைப்பு சரியாக உள்ளது. ஒற்றை அடுக்கிலிருந்து தடித்த இடத்தின் மேல் ஏறி, மறுபக்கம் இறங்கச் சொல்லுங்கள். இறங்கும் இடத்தில்தான் தையல் விடும். மெதுவாக ஒரு முறை, முழு வேகத்தில் ஒரு முறை என்று இரண்டையும் பாருங்கள்.

பணமும் பில்லும்

வீடியோ சோதனை முடியும்வரை முழுப் பணம் கட்ட வேண்டாம். முன்பணம் கொடுப்பதாக இருந்தாலும் கடையின் பெயரில் உள்ள கணக்குக்கே அனுப்புங்கள். பில்லில் மாடலின் முழு எழுத்துகள், சீரியல் எண், மோட்டாரின் வகையும் வோல்ட்டும், டேபிள், ஸ்டாண்டு, உடன் வரும் ஃபுட், பாபின், ஊசி எல்லாம் வரிவரியாக இருக்க வேண்டும். 'தையல் மிஷின் 1 செட்' என்று மட்டும் எழுதிய பில்லை வைத்து நாளைக்கு எதையும் கேட்க முடியாது.

வாரண்டியைப் பற்றி மூன்று கேள்வி. பாகத்துக்கு மட்டுமா, வேலைக்கூலிக்கும் சேர்த்தா? மெக்கானிக் வராத ஊரில் கூலி வாரண்டிக்கு மதிப்பில்லை, அதை விலையில் கழிக்கக் கேளுங்கள். போர்டு பழுதானால் புதியதை முதலில் அனுப்புவார்களா, பழையது போய்ச் சேர்ந்த பிறகா? இரண்டாவது என்றால் அத்தனை நாளும் வேலை நிற்கும். திருப்பி அனுப்ப நேர்ந்தால் வண்டிக்கூலி யாருடையது, பிடித்தம் எவ்வளவு? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

டேபிள் மட்டும் உள்ளூரில் வாங்கும் எண்ணம் இருந்தால், ஹெட்டின் அடித்தட்டை அளந்து தரக் கேளுங்கள். சாதாரண சிங்கிள் நீடில் ஹெட்டுக்கு ஏறக்குறைய 476 × 178 மி.மீ., பல வாக்கிங் ஃபுட் ஹெட்டுகளுக்கு ஏறக்குறைய 517 × 178 மி.மீ. வெட்டு வேண்டும்.

பேக்கிங்: மிஷின் உடைவது பாதையில்தான்

வார்ப்பிரும்பு கனமானது, ஆனால் அடி தாங்காது. இடுப்பு உயரத்திலிருந்து விழுந்தால் வளையாமல் விரிசல் விடும். டேபிளில் பொருத்திய நிலையில் ஹெட்டை அப்படியே லாரியில் ஏற்றுவது ஆபத்து. குலுங்கும்போது முழு எடையும் இரண்டு கீல்களில் விழுந்து, கீல் துளை ஓரத்தில் அடித்தட்டு உடையும். கிளட்ச் மோட்டார் டேபிளுக்கு அடியில் மூன்று போல்ட்டில் தொங்குவது. அதன் எடைக்குப் பலகையையே பிய்த்துக்கொண்டு விழும்.

டீலரிடம் இப்படிக் கேளுங்கள். ஆயிலை முழுவதும் வடிக்க வேண்டும். ஊசியை எடுத்துவிட்டு, தடித்த துணி ஒன்றை வைத்து ஃபுட்டை இறக்க வேண்டும். பெல்ட், நூல் ஸ்டாண்டு, முழங்கால் லிஃப்டர் கழற்றித் தனியே. ஹெட்டின் அடித்தட்டை மரப்பலகையில் போல்ட் போட்டு நிறுத்தி, சுற்றிலும் தெர்மோகோல் அடைத்து, மரச்சட்டப் பெட்டிக்குள் நேராக நிற்கும்படி வைக்க வேண்டும். ஹேண்ட் வீல், பாபின் சுற்றும் அமைப்பு, டென்ஷன் கம்பி மூன்றும் வெளியே துருத்தி நிற்பவை, பெட்டியின் பக்கம் இவற்றைத் தொடக்கூடாது. மோட்டார் வேறு பெட்டியில். ஊசித் தட்டு, நீடில் பார் மேல் ஆயில் தடவி, பிளாஸ்டிக் உறையில் ஈரம் உறிஞ்சும் பாக்கெட் போட்டால் மழைக்காலப் பயணத்தில் துரு பிடிக்காது. பெட்டி மூடுமுன் ஒரு படம் கேட்டு வாங்குங்கள்.

எடையைத் தோராயமாகத் தெரிந்து வைத்தால் ஆள் ஏற்பாடு செய்யலாம். சிங்கிள் நீடில் ஹெட் 25 முதல் 30 கிலோ, வாக்கிங் ஃபுட் 35 முதல் 40 கிலோ. சிறு பார்சல்களைத் தூக்கி எறியும் கூரியரைவிட, கனச்சரக்கு ஏற்றும் லாரி சர்வீஸ் பாதுகாப்பு. வீடு வரை இறக்கித் தருவார்களா, டிப்போவில் போய் எடுக்க வேண்டுமா என்பதையும், இன்ஷூரன்ஸ் முழு விலைக்கா என்பதையும் முன்பே கேளுங்கள்.

பெட்டி வந்ததும்

கையெழுத்துப் போடும் முன் நான்கு பக்கமும் படம் எடுங்கள். பெட்டி நசுங்கியோ ஆயில் கசிந்தோ இருந்தால் ரசீதிலேயே 'பெட்டி சேதம், உள்ளே பார்க்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். 'நல்ல நிலையில் பெற்றேன்' என்று கையெழுத்திட்ட பிறகு இன்ஷூரன்ஸ் கேட்பது கடினம். பெட்டி திறப்பதைத் தொடக்கம் முதல் ஒரே வீடியோவாக எடுங்கள், சீரியல் எண் தெரியும்வரை நிறுத்த வேண்டாம்.

விரிசலை அடித்தட்டின் மூலைகளிலும் கீல் துளை ஓரங்களிலும் தேடுங்கள். ஹேண்ட் வீலுக்கு ஒரு சோதனை: பென்சில் முனையை வீலின் விளிம்புக்கு ஒரு மி.மீ. தள்ளி அசையாமல் பிடித்துக்கொண்டு, வீலை மெதுவாகச் சுற்றுங்கள். இடைவெளி கூடிக் குறைந்தால் வழியில் அடி வாங்கி மெயின் ஷாஃப்ட்டோ வீலோ வளைந்திருக்கிறது. மின்சாரம் கொடுக்காமல் உடனே டீலருக்குத் தெரிவியுங்கள்.

பொருத்துவதும் முதல் ஓட்டமும்

ஸ்டாண்டின் நான்கு காலும் தரையில் சமமாக நிற்கட்டும். டேபிளில் ஆயில் பேன், ரப்பர் மெத்தைகள், கீல்கள் வைத்த பிறகு ஹெட். இருவர் தூக்குங்கள், ஹேண்ட் வீலைப் பிடித்துத் தூக்கக் கூடாது. ஹெட்டைப் பின்னால் சாய்க்கும்போது தாங்கும் கம்பி ஒன்று வரும். அதை டேபிளில் செருகாமல் சாய்த்தால் ஹெட் பின்பக்கம் கவிழ்ந்து விழும். பெல்ட் மாட்டி, நடுவில் விரலால் அழுத்தினால் 10 முதல் 15 மி.மீ. உள்ளே போகும்படி இறுக்குங்கள். அதிகம் இறுக்கினால் பேரிங் சூடாகும், தளர்ந்தால் கனத்தில் வழுக்கும்.

புது மிஷின் ஆயில் இல்லாமல்தான் வரும். பேனில் மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் இடையே தையல் மிஷின் ஆயில் ஊற்றுங்கள். டிடிஎல் வகைக்கு ஜூக்கி சொல்வது டிஃப்ரிக்ஸ் நம்பர் 1, ஐஎஸ்ஓ விஜி 7 என்ற மெல்லிய ஆயில். எஞ்சின் ஆயிலோ தேங்காய் எண்ணெயோ வேண்டவே வேண்டாம், குழாய்களில் பிசுபிசுத்து அடைக்கும். பேன் இல்லாத, கையால் ஆயில் விடும் ஹெட்டுகளில் சிவப்பு அடையாளம் உள்ள துளைகளில் ஒவ்வொரு சொட்டு.

நூல் கோக்காமல், ஃபுட்டைத் தூக்கி வைத்து, முதலில் கையால் சில சுற்று. பிறகு மோட்டாரைத் தட்டி விட்டுச் சுழலும் திசையைப் பாருங்கள். பெரும்பாலான சிங்கிள் நீடில் மிஷின்களில் ஹேண்ட் வீலின் மேற்பகுதி உங்களை நோக்கி வர வேண்டும். எதிர்த்திசையில் ஓடினால் உடனே நிறுத்துங்கள். சர்வோவில் செட்டிங்கில் மாற்றலாம், த்ரீ ஃபேஸ் மோட்டாரில் இரண்டு ஃபேஸ் ஒயர்களை மாற்ற எலக்ட்ரீஷியன் வேண்டும். சரியான திசை என்றால், 2,000 வேகத்தில் ஓட்டி ஆயில் கண்ணாடியைப் பாருங்கள். ஆயில் தெறிப்பது தெரிய வேண்டும். தெரியாவிட்டால் தொடர்ந்து ஓட்டாதீர்கள்.

இப்போது டீலர் அனுப்பிய அதே துணி, நூல், ஊசியில் தையுங்கள். வந்த அன்று வரும் புகார்களில் பாதி மிஷினின் குறையாக இருப்பதில்லை. தையலே விழாவிட்டால் ஊசியின் பக்கத்தைப் பாருங்கள். டிடிஎல் வகையில் ஊசிக் கண்ணுக்கு மேலே குழிவாக வெட்டிய பக்கம் வலப்புறம், நீண்ட வரிப்பள்ளம் இடப்புறம், நூல் இடமிருந்து வலமாகக் கோக்க வேண்டும். துணிக்கு அடியில் நூல் கொத்தாகச் சிக்கினால் பாபினைத் திட்டாமல் மேல் நூல் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறதா, மேலும் கீழும் அசையும் டேக் அப் லீவரில் கோத்திருக்கிறதா என்று பாருங்கள். சில வாக்கிங் ஃபுட் மாடல்களில் நூல் சிக்கினால் ஹூக்கைத் தனியே விடுவிக்கும் பாதுகாப்புக் கிளட்ச் உண்டு. அது விடுபட்டால் டைமிங் (ஊசியும் ஹூக்கும் சந்திக்கும் நேரம்) போய்விட்டது போலவே தோன்றும். அடித்தட்டில் உள்ள பொத்தானை அழுத்தியபடி ஹேண்ட் வீலைச் சுற்றினால் பழைய நிலைக்கு வரும், உங்கள் மாடலுக்கான முறை கையேட்டில் இருக்கும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் தையல் விட்டால் மட்டுமே ஹூக் டைமிங்கைச் சந்தேகியுங்கள். ஊசி கடைசி வரை இறங்கி, சுமார் 2 மி.மீ. மேலே வரும்போது ஹூக் முனை ஊசியின் நடுக்கோட்டுக்கு வர வேண்டும். டிடிஎல்-8700 மாடலில் முனைக்கும் ஊசிக்கும் இடைவெளி 0.04 முதல் 0.1 மி.மீ. அந்த இடத்தைக் கிட்டத்தில் வீடியோ எடுத்து டீலருக்கு அனுப்பிவிட்டு, அவர் பார்த்துச் சொன்ன பிறகே ஸ்குருவைத் தொடுங்கள். நீங்களாக அவிழ்த்த தடம் இருந்தால் வாரண்டி பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

முதல் மாதம் டிடிஎல் வகைப் புது மிஷினை 3,000 முதல் 3,500 வேகத்துக்கு மேல் விரட்ட வேண்டாம். சர்வோவில் அந்த எண்ணை உச்ச வரம்பாகப் போட்டுவிட்டால் யார் மிதித்தாலும் தாண்டாது. மாதம் முடிந்ததும் பெல்ட் தளர்ந்திருக்கும், மோட்டாரைத் தாங்கும் போல்ட்டுகளும் அப்படியே. இரண்டையும் இறுக்கி, பேனில் ஆயில் மட்டத்தையும் நிறத்தையும் பார்த்த பிறகு வேகத்தைக் கூட்டுங்கள்.